உடைக்காமல் உள்ளே பார்க்க: காந்தத் தளர்வு நேரமும் நுண்துளைகளும்

ஒரு மணற்கல் துண்டைப் பார்த்தால் முழுக்கத் திடமாகத்தான் தெரியும். அதை நீருக்குள் போட்டு, பாத்திரத்தை மூடி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சினால் கல்லிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். பல மணற்கற்களில் கனஅளவில் பத்தில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ வெறும் இடுக்குதான். சிமெண்ட், செங்கல், எலும்பு, மரம், மண் என்று எதை எடுத்தாலும் கதை இதுதான். துளை மொத்தம் எவ்வளவு என்பதைக் கண்டுபிடிப்பது எளிது: உலர்ந்த எடை, நனைந்த எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த மொத்தம் எந்தெந்த அளவுள்ள துளைகளாகப் பிரிந்து கிடக்கிறது என்பதுதான் கடினமான கேள்வி. ஒரே அளவு நீரைக் குடிக்கும் இரண்டு கற்களில் ஒன்று அதைத் தாராளமாக வெளியே விடும், இன்னொன்று ஒரு சொட்டுக்கூட விடாது. துளையின் அளவுதான் அந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம்.

மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் வெட்டிய முகம் மட்டுமே தெரியும். பாதரசத்தை அழுத்தித் துளைகளுக்குள் ஏற்றி அளக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு அந்த மாதிரி வேறு எதற்கும் உதவாது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. கல்லை விட்டுவிட்டு, கல்லுக்குள் இருக்கும் நீரை விசாரிப்பது. மருத்துவமனையில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பதற்கு அடிப்படையான அதே இயற்பியல்தான். ஆனால் இங்கே படம் எதுவும் எடுப்பதில்லை. ஒரு சமிக்ஞை எவ்வளவு வேகமாகத் தேய்ந்து மறைகிறது என்பதை மட்டும் அளக்கிறோம்.

சமிக்ஞை எங்கிருந்து வருகிறது

நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். ஒவ்வொன்றின் கருவும் ஒரு புரோட்டான்; ஒவ்வொரு புரோட்டானும் ஒரு குட்டிக் காந்தம். வெளியிலிருந்து ஒரு காந்தப்புலத்தைக் கொடுத்தால் இந்தக் குட்டிக் காந்தங்களில் புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகின்றன. கொஞ்சம் என்றால் மிகக் கொஞ்சம்: 1 டெஸ்லா புலத்தில் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு), அறை வெப்பநிலையில், பத்து லட்சத்துக்கு மூன்று அல்லது நான்கு. ஆனால் ஒரு சொட்டு நீரில் இருக்கும் ஹைட்ரஜன் கருக்களின் எண்ணிக்கை 3-க்குப் பின்னால் 21 சுழியங்கள் போட வேண்டிய அளவு. அதனால் அந்த மிகச் சிறிய உபரியே நமக்குத் தாராளம்.

புலத்துக்குள் நிற்கும் புரோட்டான்களுக்கென்று ஓர் அலைவெண் உண்டு. 1 டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ், புலம் பாதியானால் இதுவும் பாதி. அதே அலைவெண்ணில் ஒரு ரேடியோத் துடிப்பைக் கொடுத்தால் மொத்தக் காந்தமாக்கலும் (அந்த உபரிக் காந்தங்களின் கூட்டு விளைவு) புலத்தின் திசையிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து, அந்த அலைவெண்ணிலேயே சுழலத் தொடங்கும். சுற்றியிருக்கும் கம்பிச்சுருளில் இது ஒரு சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதுதான் நம் சமிக்ஞை. ஸ்டான்ஃபோர்டில் ஃபீலிக்ஸ் பிளாக்கும் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல்லும் தத்தம் குழுக்களோடு தனித்தனியாக இதைக் கண்டறிந்து 1946-இல் வெளியிட்டார்கள். 1952-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பிளாக்கின் குழு நீரில் பார்த்தது, பர்செல்லின் குழு பாரஃபின் மெழுகில்.

துடிப்பு முடிந்ததும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சாய்ந்த காந்தமாக்கல் மெல்லப் பழைய திசைக்குத் திரும்புகிறது. அதற்கு ஆகும் கால அளவுக்குப் பெயர் டி1. இன்னொரு பக்கம், ஒன்றாகச் சுழன்றுகொண்டிருந்த புரோட்டான்கள் ஒன்றுக்கொன்று கட்டம் தவறி, அதாவது தாளம் பிசகி, பக்கவாட்டுச் சமிக்ஞை தேய்கிறது. அதன் கால அளவு டி2. இந்த இரண்டுக்கும் பொதுப்பெயர் தளர்வு நேரம். டி2 எப்போதும் டி1-க்குச் சமமாகவோ அதைவிடக் குறைவாகவோதான் இருக்கும் என்று நடைமுறையில் வைத்துக்கொள்ளலாம். துளைகளை ஆராய்பவர்கள் பெரும்பாலும் டி2-ஐத்தான் அளக்கிறார்கள். காரணம் ஒன்றுதான்: விரைவாக அளந்துவிடலாம்.

டி2-ஐ அளப்பதில் ஒரு சிக்கல். காந்தப்புலம் எல்லா இடத்திலும் துல்லியமாக ஒரே அளவில் இருக்காது. அதனாலேயே புரோட்டான்கள் கட்டம் தவறிவிடும். இது பொருளின் குணம் அல்ல, காந்தத்தின் குறை. 1950-இல் எர்வின் ஹான் இதற்கு ஒரு தீர்வைக் காட்டினார். முதல் துடிப்புக்குச் சற்று நேரம் கழித்து இன்னொரு துடிப்பைக் கொடுத்தால், அதே அளவு நேரம் கழித்துத் தொலைந்த சமிக்ஞை மீண்டும் எழும். இதை எதிரொலி என்கிறார்கள். புலத்தின் சீரின்மையால் வந்த இழப்பு இதில் திரும்பக் கிடைத்துவிடும். மூலக்கூறுகளின் தாறுமாறான அசைவால் வந்த இழப்பு மட்டும் திரும்பாது. இந்த இரண்டாவது துடிப்பைத் திரும்பத் திரும்பக் கொடுத்து எதிரொலிகளைச் சங்கிலியாக எழுப்பும் முறையை 1954-இல் ஹெர்மன் காரும் பர்செல்லும் கொண்டுவந்தார்கள். 1958-இல் மெய்பூமும் கில்லும் அதைச் செம்மைப்படுத்தினார்கள். நால்வரின் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து சிபிஎம்ஜி என்று அழைக்கப்படும் இந்த முறைதான் இன்றும் இந்தத் துறையின் அன்றாடக் கருவி.

சுவர் என்ன செய்கிறது

சுத்தமான நீரின் டி2 அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 3 விநாடி. அணு உலகத்தின் கணக்கில் இது மிக மிக நீண்ட நேரம். அதே நீர் பனிக்கட்டியானால் டி2 மைக்ரோ விநாடிகளுக்குச் சுருங்கிவிடும். இரண்டுக்கும் வேதியியலில் ஒரு வித்தியாசமும் இல்லை, அசைவில்தான் வித்தியாசம். ஒவ்வொரு புரோட்டானும் பக்கத்துப் புரோட்டானின் சிறு காந்தப்புலத்தை உணர்கிறது. திரவ நீரில் மூலக்கூறு பிக்கோ விநாடிகளில் புரண்டுகொண்டே இருப்பதால் அந்தப் புலம் ஏறக்குறைய முழுவதும் சராசரியாகிக் காணாமல் போகிறது. பனிக்கட்டியில் புரள வழியில்லை, பாதிப்பு அப்படியே நிற்கிறது. புளூம்பெர்கன், பர்செல், பவுண்ட் ஆகிய மூவரும் 1948-இல் கொடுத்த கோட்பாட்டின் சாரம் இதுதான்.

சரி, இப்போது அந்த நீரை ஒரு துளைக்குள் அடைப்போம். துளையின் சுவரைத் தொடும் மூலக்கூறு அங்கே கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது, புரள்வது குறைகிறது. அதைவிடப் பெரிய விஷயம், கனிமங்களின் பரப்பில் இரும்பு, மாங்கனீசு போன்ற அணுக்கள் அங்கங்கே இருக்கும். அவற்றில் இணையில்லாத எலக்ட்ரான்கள் உண்டு. எலக்ட்ரானின் காந்த வலிமை புரோட்டானுடையதைவிட 658 மடங்கு. அதன் பக்கத்தில் போன புரோட்டான் தன் கட்டத்தை இழப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

ஓர் இருட்டறைக்குள் மின்மினிப் பூச்சிகளை விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவை இலக்கில்லாமல் பறக்கின்றன. சுவரில் மோதும் பூச்சி, ஒவ்வொரு மோதலிலும் சிறிய வாய்ப்போடு, அணைந்துவிடுகிறது. வெளியே நிற்கும் உங்களுக்கு அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் மிச்சம் என்பது மட்டும் தெரியும். சின்ன அறையில் மோதல்கள் அதிகம், வெளிச்சம் சீக்கிரம் மங்கும். பெரிய அறையில் மெதுவாக மங்கும். வெளிச்சம் மங்கும் வேகத்திலிருந்து அறையின் அளவைச் சொல்லிவிடலாம். நுண்துளைக்குள் நடப்பதும் இதுதான்.

இதைக் கணக்காக எழுதினால் டி2-இன் தலைகீழ் (1/டி2) இரண்டு பகுதிகளின் கூட்டல். ஒன்று, துளையே இல்லாவிட்டாலும் நீருக்கு இயல்பாக இருக்கும் தளர்வு வேகம். இன்னொன்று, துளையின் பரப்பைக் கனஅளவால் வகுத்து, அதை ரோ என்ற எண்ணால் பெருக்கியது. இந்த ரோதான் சுவரின் 'அணைக்கும் திறன்'. இதன் அலகு விநாடிக்கு மைக்ரோமீட்டர். கோளத் துளைக்குப் பரப்பு வகுத்தல் கனஅளவு என்பது 3 வகுத்தல் ஆரம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ரோ விநாடிக்கு 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணற்கல்லுக்கு இது நடைமுறைக்கு ஒத்த அளவுதான். துளையின் ஆரம் 1 மைக்ரோமீட்டர் என்றால் சுவரால் வரும் வேகம் விநாடிக்கு 30, அதாவது டி2 ஏறக்குறைய 33 மில்லி விநாடி. ஆரம் 0.1 மைக்ரோமீட்டர் என்றால் 3.3 மில்லி விநாடி. ஆரம் 10 மைக்ரோமீட்டர் என்றால் சுவரின் பங்கு விநாடிக்கு 3, நீரின் இயல்பான பங்கு 0.33, கூட்டினால் டி2 300 மில்லி விநாடி. ஒளியோ எக்ஸ் கதிரோ தேவைப்படவில்லை. மில்லி விநாடியை அளந்து மைக்ரோமீட்டரைப் பெற்றுவிட்டோம். இந்த முறையின் அழகு இதில்தான் இருக்கிறது என்பேன்.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. பூச்சி அணைவதற்கு முன்பு அறை முழுவதையும் பலமுறை சுற்றி வந்திருக்க வேண்டும். அப்போதுதான் அறைக்கு ஒரே ஒரு மங்கும் வேகம் இருக்கும். 1979-இல் பிரவுன்ஸ்டீனும் டாரும் இந்த நிபந்தனையைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள்: ரோவை ஆரத்தால் பெருக்கி, நீரின் விரவல் கெழுவால் (மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக அலைந்து பரவுகின்றன என்பதைச் சொல்லும் எண்) வகுத்தால் வருவது 1-ஐவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். நீரின் விரவல் கெழு 25 டிகிரியில் விநாடிக்கு 2300 சதுர மைக்ரோமீட்டர். 10 மைக்ரோமீட்டர் துளைக்கு விடை 0.04. பிரச்சினை இல்லை. ஆரம் பல நூறு மைக்ரோமீட்டராகப் போனால்தான் சிரமம்: விடை 1-ஐ நெருங்கத் தொடங்கும், டி2-உம் நீரின் இயல்பான 3 விநாடியில் போய் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் துளை எவ்வளவு பெரிதானாலும் கருவிக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஒரு கல்லை அளப்பது

ஆய்வகத்தில் வேலை இப்படி நடக்கும். கட்டைவிரல் தடிமனில் உருளையாக வெட்டிய கல்லை உலர்த்தி, வெற்றிடத்தில் வைத்து, உப்பு நீரை ஊற விடுகிறார்கள். வெளியே எடுத்து மேலே ஒட்டியிருக்கும் நீரை ஈரத்துணியால் ஒற்றி, அளக்கும்போது உலராமல் இருக்க டெஃப்லான் நாடாவைச் சுற்றுகிறார்கள். சாதாரண பிளாஸ்டிக் உறை ஏன் கூடாது என்றால், அதில் ஹைட்ரஜன் இருக்கிறது. அதுவும் சமிக்ஞை கொடுத்துக் குழப்பலாம். டெஃப்லானில் கார்பனும் ஃபுளோரினும்தான். பிறகு கல்லைக் காந்தத்துக்குள் இறக்கி, சிபிஎம்ஜி துடிப்புச் சங்கிலியை ஓட்டி, எதிரொலிகளைப் பதிவு செய்து, இரைச்சலைக் குறைக்கத் திரும்பத் திரும்ப எடுத்துக் கூட்டுகிறார்கள். மொத்தமும் சில நிமிட வேலை. கல்லுக்கு ஒரு சேதமும் இல்லை.

முதல் எதிரொலிக்கும் முந்தைய கணத்தில் சமிக்ஞை எவ்வளவு இருந்திருக்கும் என்று பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் கல்லுக்குள் இருக்கும் மொத்த நீர் கிடைக்கும். தெரிந்த அளவு நீருடன் ஒப்பிட்டு அளவுத்திருத்தம் செய்துகொண்டால் போதும். எந்தக் கணித மாதிரியும் கருதுகோளும் தேவைப்படாத எண் இது ஒன்றுதான். என்னைக் கேட்டால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதை எடைக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது. எடைக் கணக்கைவிடக் குறைவாக வந்தால் சில துளைகள் கருவிக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். எதிரொலிகளுக்கு இடையே 0.2 மில்லி விநாடி இடைவெளி என்றால், அதைவிட விரைவாக மறைந்துவிடும் நீர் கணக்கில் வராது.

இந்த இடத்தில் பலர் எதிர்பார்க்காத ஒன்று: காந்தம் பெரிதாக இருப்பது இங்கே நல்லதல்ல. மருத்துவ ஸ்கேனர்களில் 1.5 அல்லது 3 டெஸ்லா சாதாரணம். கற்களை அளக்கும் கருவிகள் பலவற்றில் புலம் வெறும் 0.05 டெஸ்லா, அலைவெண் 2 மெகாஹெர்ட்ஸ். கல்லின் துகளும் நீரும் காந்தப்புலத்துக்கு வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டுவதால் துளைக்குள்ளேயே புலம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த மாறுபாட்டினூடே மூலக்கூறு அலையும்போது எதிரொலியால் மீட்க முடியாத கூடுதல் இழப்பு வரும். புலம் வலுவானால் இந்த மாறுபாடும் வலுவாகும், இழப்போ அதன் வர்க்கத்தில் ஏறும். கடைசியில் துளையின் அளவை அளக்கிறோமா, கல்லின் காந்தக் குணத்தை அளக்கிறோமா என்றே தெரியாமல் போய்விடும்.

வளைவை நம்பலாமா

உண்மையான கல்லில் ஒரே அளவுள்ள துளைகள் இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான அறைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மங்குகிறது, நமக்குக் கிடைப்பது மொத்த வெளிச்சம் மட்டுமே. அதிலிருந்து எந்த வேகத்தில் எவ்வளவு என்று பிரித்தெடுத்து, எந்த டி2-இல் எவ்வளவு நீர் என்று காட்டும் ஒரு வளைவாக வரைய வேண்டும். கணிதத்தில் இதைத் தலைகீழ் லாப்லாஸ் மாற்றம் என்பார்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும் இது ஒரு வில்லங்கமான கணக்கு. தரவில் துளி இரைச்சல் இருந்தால் போதும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல விடைகள் அதே தரவுக்கு ஏறக்குறைய சமமாகப் பொருந்தும். அதனால் மென்பொருள் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்க்கிறது: பொருந்தும் விடைகளில் எது வழவழப்பாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடு.

இதன் விளைவைப் பார்க்க ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கணினியிலேயே, 100 மில்லி விநாடி என்ற ஒரே ஒரு டி2 உள்ள போலித் தரவை உருவாக்கி, கொஞ்சம் இரைச்சலைக் கலந்து மென்பொருளிடம் கொடுங்கள். 100-இல் ஒரே கோடாக விடை வர வேண்டும். வருவதோ அகலமான ஒரு மேடு. அந்த அகலத்துக்கும் கல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, கல்லே இல்லையே! அடுத்து, 100-உம் 150-உம் கலந்த தரவைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே மேடுதான் திரும்ப வரும். ஆகவே மேட்டின் இடத்தை நம்பலாம், மேட்டுக்குக் கீழே உள்ள பரப்பை ஓரளவு நம்பலாம். அகலத்தையும், ஓரத்தில் முளைக்கும் குட்டி மேடுகளையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் ரோ பற்றியது. வளைவின் கீழ் அச்சில் இருப்பது நேரம். அதை நீளமாக மாற்ற ரோ வேண்டும், ரோவோ சுவரில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரும்புள்ள களிமண் படிந்த மணற்கல்லில் கூடுதல்; சுண்ணாம்புக்கல்லில் பொதுவாகக் குறைவு. ஒரே கல்லுக்குள்ளேயே ஒரு துளையின் சுவரில் களிமண் இருக்கும், பக்கத்துத் துளையில் இருக்காது. பாதரச முறையோடு ஒப்பிட்டு ரோவைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. ஆனால் பாதரசம் அளப்பது துளைக்குப் போகும் குறுகிய வாசலை, தளர்வு அளப்பது துளையின் உடலை. வாசல் எவ்வளவு, அறை எவ்வளவு என்ற விகிதம் கல்லுக்குக் கல் மாறும். ஒரு வரைபடத்தின் கீழ் அச்சில் நேரடியாக மைக்ரோமீட்டர் போட்டிருந்தால், ரோவை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்பவர்கள் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்குத் துளையின் விட்டம் தேவையில்லை. நீரில் எவ்வளவு பாறையோடு பிணைந்து அசையாமல் நிற்கும், எவ்வளவு ஓடிவரும் என்பது போதும். அதற்கு டி2-இலேயே ஒரு கோடு கிழித்துக்கொண்டார்கள். மணற்கல்லுக்கு 33 மில்லி விநாடி, சுண்ணாம்புக்கல் வகைகளுக்கு ஏறக்குறைய 92. கோட்டுக்கு இடப்பக்கம் உள்ளது பிணைந்தது, வலப்பக்கம் உள்ளது ஓடுவது. இதற்கான கருவியும் தலைகீழாகத்தான் இருக்கிறது: பாறையைக் காந்தத்துக்குள் வைக்க முடியாதே, அதனால் காந்தத்தைக் கிணற்றுக்குள் இறக்கி, சுற்றியுள்ள பாறையை வெளிப்பக்கமாக அளக்கிறார்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து இது வணிக அளவில் நடக்கிறது.

சிமெண்டில் இன்னொரு வசதி: அது இறுகும்போதே பார்க்கலாம். நீர் ஊற்றிக் கலந்தவுடன் சமிக்ஞை நீண்ட டி2-இல் இருக்கும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் அது குறுகிய டி2 பக்கம் நகர்ந்து, கடைசியில் பெரும்பகுதி 1 மில்லி விநாடிக்கும் கீழே போய்விடும். சிமெண்ட் ஜெல்லின் நானோமீட்டர் இடுக்குகளில் சிக்கிய நீர் அது. இந்த ஆய்வுகளில் பலவற்றுக்கு வெள்ளைச் சிமெண்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். சாம்பல் நிறச் சிமெண்டில் இரும்பு அதிகம், அதன் பாதிப்பு சமிக்ஞையைக் குழப்பிவிடும்.

ரப்பர், பிளாஸ்டிக் போன்றவற்றில் துளையே தேவையில்லை. சங்கிலி மூலக்கூறுகள் எவ்வளவு தளர்வாக அசைகின்றன என்பதை டி2 நேரடியாகச் சொல்லும். குறுக்குப் பிணைப்புகள் கூடக் கூட டி2 குறையும். ஜெர்மனியின் ஆகன் நகரில் 1990களில் உருவாக்கிய, கையில் தூக்கக்கூடிய ஒருபக்கக் காந்தக் கருவியை டயரின் மேல், ஓவியத்தின் மேல் அப்படியே வைத்து அளந்திருக்கிறார்கள்.

ரோ இல்லாமலேயே நீளத்தைப் பெற ஒரு குறுக்குவழியும் உண்டு. நானோமீட்டர் துளைக்குள் இருக்கும் பனிக்கட்டி 0 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு கீழே. 10 நானோமீட்டர் விட்டமுள்ள துளைக்கு ஏறக்குறைய 5 டிகிரி குறைவு. ஆகவே மாதிரியை முழுக்க உறைய வைத்து, மெதுவாகச் சூடேற்றிக்கொண்டே எதிரொலியைக் கவனிக்கிறார்கள். பனிக்கட்டியின் சமிக்ஞை மைக்ரோ விநாடிகளில் செத்துவிடுவதால் எதிரொலியில் தெரிவது உருகிய நீர் மட்டுமே. எந்த வெப்பநிலையில் எவ்வளவு நீர் கூடியது என்பதே துளைகளின் அளவுப் பங்கீடு. 100 நானோமீட்டரைத் தாண்டினால் வித்தியாசம் அரை டிகிரிதான், அதனால் இந்த முறை அங்கே திணறும். அதற்குக் கீழே, ஒரே மாதிரியை இரண்டு வழியிலும் அளந்தால், உருகும் வெப்பநிலை துளையின் அளவைக் கொடுக்கும், டி2 தளர்வு வேகத்தைக் கொடுக்கும். அந்தச் சுவரின் ரோவைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம்.